நிஷாதத்தில் நிற்கும் கிட்டார்

அமெரிக்கன் ஃபுட்பால் என்பது குழுவின் பெயர். 1999 செப்டம்பரில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கும் அதே பெயர்தான். இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா–ஷாம்பெய்ன் என்ற இரட்டை ஊரில் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் சேர்ந்து போட்டது. மைக் கின்செல்லா பாட்டும் கிட்டாரும், ஸ்டீவ் ஹோம்ஸ் இன்னொரு கிட்டார், ஸ்டீவ் லாமோஸ் டிரம்ஸ். பேஸ் கிட்டாருக்கு ஆள் இல்லை; ஒலிப்பதிவில் கின்செல்லாவே வாசித்துச் சேர்த்தார். ஒன்பது பாட்டு, சுமார் நாற்பது நிமிடம். படிப்பு முடிந்தது, குழுவும் கலைந்தது. அடிதடி, வழக்கு எதுவும் இல்லை. ஊரைக் காலி செய்துகொண்டு அவரவர் வழியில் போனார்கள். லாமோஸ் பின்னாளில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

*

இவர்களை எமோ என்ற இசைவகையில் சேர்ப்பார்கள். எமோ என்றதும் கண்ணில் மையும் கறுப்புச் சட்டையுமாக டிவியில் வந்த பையன்கள்தான் என் நினைவுக்கு வருவார்கள். அது 2000க்குப் பிறகு பெரிய கம்பெனிகள் கடைவிரித்த சரக்கு. ஊற்று வேறு. 80களின் நடுவில் வாஷிங்டனில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போன்ற பங்க் குழுக்கள் சமூகத்தைத் திட்டுவதை நிறுத்திவிட்டுத் தங்கள் மனசைத் திறந்து கத்த ஆரம்பித்தன. 90களில் அது அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு, சோளக்காட்டு மாநிலங்களுக்கு வந்தது. அண்ணன் டிம் பாட, தம்பி மைக் டிரம்ஸ் வாசித்த கேப்ன் ஜாஸ் அங்கே முளைத்த குழு. அதில் கத்தல் இருந்தது. அதே தம்பி கிட்டாரை எடுத்துக்கொண்டு தனியாக வந்தபோது கத்தல் காணாமல் போயிருந்தது.

*

மகள் கிட்டாரின் சுருதியை மாற்றி வைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பிவிட்டாள். தூசி தட்டும்போது கை பட்டது. எந்தக் கம்பியையும் அழுத்தாமலே ஒரு முழு ராகத்தின் வாசல் திறந்த மாதிரி இருந்தது. போனில் கேட்டேன். “அது அமெரிக்கன் ஃபுட்பால் டியூனிங்ப்பா, அப்படியே இருக்கட்டும், மாத்திடாதீங்க” என்றாள். வழக்கமான ஆறு கம்பிகளில் மூன்றைத்தான் மாற்றுகிறார்கள். தடித்த கம்பியை அரை சுரம் ஏற்றி, அதிலிருந்து மூன்றாவதாக வரும் கம்பியை ஒரு சுரம் இறக்கி, ஐந்தாவதை அரை சுரம் ஏற்ற வேண்டும். தடித்த கம்பியை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து மெல்லிய கம்பிவரை மீட்டினால் ஸ, க, ப, ரி, ப, நி.

கடைசிக் கம்பியில்தான் விஷயம். காகலி நிஷாதம். இன்னும் அரை சுரம் ஏறினால் மேல் ஷட்ஜம், வீடு. ஏறுவதில்லை. ஆல்பத்தின் முதல் பாட்டான ‘நெவர் மென்ட்’ இந்தச் சுருதியில் அமைந்ததுதான்.

*

இரண்டு கிட்டார்களும் கம்பிகளைச் சேர்த்து அடிப்பதே அபூர்வம். இரண்டும் ஒவ்வொரு சுரமாகப் பொறுக்கி வாசிக்கின்றன. ஒன்றின் சுழற்சி ஒரு நீளம், மற்றதன் சுழற்சி வேறு நீளம். விலகி விலகிப் போய் எங்கோ ஓரிடத்தில் ஒன்றுசேர்கின்றன. தாளம் போட்டுப் பழகிய கை தொடையில் எண்ணத் தொடங்கும், சீக்கிரமே விட்டுவிடும். ‘ஸ்டே ஹோம்’ எட்டு நிமிடம். வெகுநேரம் கழித்துத்தான் குரலே வருகிறது. இரண்டு பாட்டுகளில் குரல் கிடையாது. ‘தி சம்மர் எண்ட்ஸ்’ பாட்டில் டிரம்பெட் ஊதுவது டிரம்மர் லாமோஸ்தான். வித்வான் வாசிப்பு அல்ல. நுனியில் லேசாகத் தள்ளாடுகிறது. எனக்கு அந்தத் தள்ளாட்டம் பிடித்திருக்கிறது.

*

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாட்டின் சொற்கள் என்னைத் தொடவில்லை. இருபது வயதுக்காரன் காதலியிடம் விடைபெறுகிறான். வருத்தப்படுவதா, வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த வயதில் கேட்டிருந்தால் ஒவ்வொரு வரியும் எனக்கென்றே எழுதியதாகத் தோன்றியிருக்கும், நோட்டில் எழுதியும் வைத்திருப்பேன். அப்போது எனக்கு அழுவதற்கு வேறு பாட்டுகள் வாய்த்தன, அழுதும் முடித்துவிட்டேன். இப்போது சொற்கள் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, கிட்டார்கள் மட்டும் கேட்கின்றன. சொல்லில் இல்லாத நிதானம் விரல்களில் இருக்கிறது. ஒரே ஆள்தான் பாடுகிறான், வாசிக்கிறான். பாடுகிறவனைவிட வாசிக்கிறவனுக்கு வயது அதிகம். 1999இல் அவர்கள் பக்கத்திலேயே நின்று கேட்டவர்களுக்கு இது கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. அவர்களுக்கு வரிகள் தேவைப்பட்டன.

*

ஆல்பத்தின் உறையில் ஒரு வீடு. அர்பானாவின் வெஸ்ட் ஹை ஸ்ட்ரீட்டில் மாணவர்கள் வாடகைக்கு இருந்த மரவீடு. கிறிஸ் ஸ்ட்ராங் கீழிருந்து அண்ணாந்து எடுத்த இரவுப் படம். மாடி ஜன்னலில் வெளிச்சம். குழு கலைந்தபின் ஆல்பம் கைமாறி கைமாறிப் பரவியது. ஆட்கள் தேடிவந்து அந்த வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 2023இல் ஆல்பத்தை வெளியிட்ட பாலிவினைல் கம்பெனியும் குழுவினரும் ஸ்ட்ராங்கும் இன்னும் சிலரும் சேர்ந்து வீட்டை விலைக்கே வாங்கிவிட்டார்கள், இடித்துவிடக் கூடாதே என்று. எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. வாடகைக்கு இருந்துவிட்டுக் கிளம்புகிறவர்களின் பாட்டு அல்லவா இது? அதற்கு ஏன் பத்திரப்பதிவு?

*

2014இல் மறுபடி சேர்ந்தார்கள். நியூயார்க்கின் வெப்ஸ்டர் ஹாலில் கச்சேரிகள். பேஸ் வாசிக்க உறவுக்காரர் நேட் கின்செல்லா வந்தார். 2016இலும் 2019இலும் புது ஆல்பங்கள். குரல் தேறியிருக்கிறது, குடும்பம், குடி, உடம்பு என்று சொற்களும் வயதுக்கு வந்திருக்கின்றன. நல்ல ஆல்பங்கள்தான். ஆனால் இப்போது பாடுகிறவனும் வாசிக்கிறவனும் ஒரே வயது. அந்த இடைவெளி அடைபட்டுவிட்டது.

நான் அதிகம் போடுவது 2014 மறுபதிப்போடு இணைத்த பழைய ஒத்திகை நாடாக்களை. ‘ஸ்டே ஹோம்’ அதில் சாதாரண டேப் ரெக்கார்டரில் பிடித்தபடி இருக்கிறது, இரைச்சலோடு. ஆல்பம் விற்குமா என்ற யோசனையே அந்த அறைக்குள் வந்ததாகத் தெரியவில்லை. மகளுக்கு அனுப்பினேன். ஒலித்தரம் சரியில்லை என்று பதில் போட்டிருக்கிறாள்.