ஒரு பக்கத்தைக் கிழிக்கலாமா?

சென்ற மழைக்காலத்தில், பொல்பிட்டியவிலுள்ள என் வீட்டைத் தேடி ஒரு பெண்மணி வந்தார். மேலேயுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் நீண்டகாலம் படிப்பித்துக் காலமான மாஸ்டரின் மகள். கையில் பொலித்தீன் பையொன்று. அதற்குள் நியமனக் கடிதம், பிரிவுபசாரப் படம், பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகம், கரையான் தொட்ட மூன்று வரவு இடாப்புகள். எழுபதுகளின் பிற்பகுதியில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோது, பழசுகளை எரிக்கப் போனார்களாம். மாஸ்டர் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்கு இவற்றைக் கொடுக்கலாம் என்றேன். 2005இல் தொடங்கிய அம்முயற்சி இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் எத்தனையோ ஏடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. மகளுக்கும் சம்மதந்தான். படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்:

"ஒரு பக்கத்த மட்டும் எடுத்துட்டுக் குடுங்க சேர். அப்பா பேரு கெட்டுப்போயிரும்."

அந்தப் பக்கம் 1966ஆம் ஆண்டுக்குரியது. கொழுந்து மண்டிய மாதம். துரையின் விருப்பப்படி பெரிய பிள்ளைகள் பதினொருவரை மலைக்கு அனுப்பியதாகச் சம்பவத்திரட்டில் மாஸ்டர் எழுதியிருக்கிறார். அதே நாட்களுக்குரிய இடாப்பைப் புரட்டினால், பதினொருவரும் பாடசாலைக்கு வந்ததாகவே அடையாளம் இடப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே கையெழுத்து.

கிழிப்பதா, விடுவதா?

ஓர் ஆசிரியரின் வாழ்வை ஆவணப்படுத்துவதென்றால் அவரது சான்றிதழ்களைச் சேர்ப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். நம் சமூகம் இதில் கெட்டிக்காரச் சமூகம். மர்ஹூம் வாப்பிச்சி மரைக்காரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தின் வரைபடம் ஸ்மிதருடையது, கட்டியெழுப்பியவர் மரைக்கார். 1892இல் சித்திலெப்பை, ஒராபி பாஷா ஆகியோரோடு நின்று, பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியான மத்ரஸாவையும் உருவாக்கினார். கட்டடமும் கல்வியும் ஒரே மனிதரில் சேர்ந்த அபூர்வம். ஆனால் அவரைப் பற்றி நாம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரு கதையைத்தான். 1877இல் நூதனசாலை திறக்கப்பட்டபோது என்ன வேண்டுமென்று ஆளுநர் கிரகரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடவேண்டும் என்று கேட்டாராம். அழகான கதை. நானே மாணவருக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் கல் சுமந்தவனுக்கு என்ன கூலி, யாரோடு தகராறு, எதில் நட்டம் என்பதெல்லாம் அந்தக் கதைக்குள் இல்லை. மெச்சுவதற்கு ஒரு மரைக்கார் மிஞ்சியிருக்கிறார், அறிந்துகொள்வதற்கு மிஞ்சவில்லை.

கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா வேறு வழியில் போனார். 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் துணை அங்கத்தவரான முதல் ஆசியப் பெண். வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வரையுமுன், குடியேறப் போகிறவர்களிடமே எப்படிப்பட்ட வீடு வேண்டுமென்று கேட்டவர். பின்னர் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை வரலாறு கற்பித்தார். ஜெப்ரி பாவாவின் வரைபடங்களைப் பேண அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. மினெட்டோ கடிதம், படம், பத்திரிகை நறுக்கு என்று எல்லாவற்றையும் தாமே சேர்த்துப் புத்தகமாக்கினார். அவர் இறந்த 1998ஆம் ஆண்டிலேயே அது வெளிவந்தது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருந்தது. எங்கள் மாஸ்டருக்கு அது இல்லை. அவருக்காக நான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பிறர் குறையை மறைப்பது நற்குணம் என்று நமக்குச் சிறுவயதிலேயே போதிக்கப்பட்டது. சாட்சியத்தை மறைப்பது பாவம் என்பதும் அதே வயதில் போதிக்கப்பட்டதுதான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் குர்ஆன் வசனமே அதன் மிக நீண்ட வசனம். சாட்சியத்தை மறைக்காதீர் என்ற கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில் வருகிறது. இந்தக் கட்டு எனக்கு அமானிதமாகத் தரப்பட்டது என்பது உண்மை. ஆனால் யாருடைய அமானிதம்? தந்த மகளுடையதா, எழுதிய தகப்பனுடையதா, எழுதப்பட்ட பிள்ளைகளுடையதா?

இன்னொன்றும் உறுத்தியது. இடாப்பில் பொய் எழுதியவர், சம்பவத்திரட்டில் உண்மையை ஏன் எழுதினார்? யாரும் கேட்கவில்லையே. மறைக்க விரும்பியிருந்தால் எரிந்த கூளத்தோடு போயிருக்கும். சுமந்து வந்து, சாகும்வரை வைத்திருந்திருக்கிறார். அந்தப் பக்கத்தைக் கிழித்தால் அவரது குற்றம் மட்டுமல்ல, அவரது மனச்சாட்சியும் போய்விடும்.

காகிதம் என்றால் மலையகத்தில் சும்மா விஷயமல்ல. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபின், இந்த மண்ணில்தான் பிறந்தோம் என்று காட்டக் காகிதமில்லாமல் நின்ற சனம் இது. 1964 ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று தலைகளைப் பங்குபோட்டார்கள். இந்தப் பக்கம் எழுதப்பட்டது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

பதினொருவரில் ஒருவர் இங்கே பக்கத்து லயத்தில் இருக்கிறார் என்று அறிந்து போனேன். பேரப்பிள்ளைகள் கண்ட பாட்டி. சாயத்தண்ணி தந்தார். விஷயத்தைச் சொல்லி இடாப்பைக் காட்டினேன்.

"வந்தேன்னு போட்டுருக்காரா?" என்று சிரித்தார். "நான் எங்க சேர் வந்தேன்? கூடையில்ல தூக்குனேன்."

"கிழிச்சிரச் சொல்றாங்க அம்மா."

சிரிப்பு நின்றது. "அப்ப எம்பேரு செக்ரோல்லயும் இல்ல. நான் பறிச்ச றாத்தலெல்லாம் அம்மா பேர்லதான் ஏறுச்சு. இதுல மட்டுந்தான் இருக்குன்னா, அத எதுக்குக் கிழிக்கணும்?"

பொய்யாக எழுதப்பட்ட ஓர் அடையாளம், ஒரு பிள்ளை அந்த வருடம் உயிரோடு இருந்ததற்கு எஞ்சிய ஒரே சாட்சி. இதை எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை.

என்றாலும் ஒருவரின் சம்மதம் பத்துப் பேரின் சம்மதமாகாது. மூவர் ஒப்பந்தத்தில் இந்தியா போய்விட்டார்கள். பிரித்தானியாவில் குடிசனக் கணக்கெடுப்பில் தனியாள் விபரங்களை நூறு வருடம் பூட்டிவைக்கிறார்கள். அப்படிப் பெயர்களை மட்டும் சில காலம் மூடிவைக்கக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். பக்கத்தைக் கிழிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். மாஸ்டரின் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. போன கிழமை இரண்டு தடவை அழைப்பு எடுத்தார். நான் எடுக்கவில்லை.

பாட்டிக்கு அந்தப் பக்கத்தின் பிரதியொன்று வேண்டுமாம். ஹற்றனுக்குப் போகும்போது எடுத்து வரவேண்டும்.