மார்த்தாளின் அடுக்களை

டிசம்பர் மாதம் பிறந்ததும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் 25 நாள் நோன்பு தொடங்குகிறது. மீனும் இறைச்சியும் விலக்கி, தெய்வக் குழந்தையின் வருகைக்காக உள்ளத்தைத் தூய்மை செய்யும் காலம் அது. ஆனால் நடப்பது என்ன? நோன்பு முடியும் நாள் நெருங்க நெருங்க அடுக்களையில் பரபரப்பு ஏறுகிறது. கேக், நள்ளிரவு வழிபாடு முடிந்து வருவோருக்கு அப்பமும் இறைச்சிக் குழம்பும், வெளியூர் உறவினருக்குப் படுக்கை, குழந்தைகளுக்குப் புத்தாடை, யாருக்கு என்ன பரிசு என்ற கணக்கு. இவற்றின் நடுவே, 'இத்தனைக்கும் நான் ஒருத்திதானா?' என்ற எண்ணம் குடும்பத்தலைவியின் மனத்தில் எழுகிறது. அமைதியின் திருநாளில் அமைதியை முதலில் இழப்பவள் அவளே.

இந்தக் கேள்வி புதியதன்று. லூக்கா எழுதிய நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் மார்த்தாள் இயேசுபிரானைத் தன் இல்லத்தில் வரவேற்கிறாள். அவளுடைய சகோதரி மரியாளோ அவரது திருவடிகளருகே அமர்ந்து உபதேசம் கேட்கிறாள். பணிச்சுமையால் தவித்த மார்த்தாள், 'எனக்கு உதவுமாறு இவளிடம் சொல்லலாகாதா?' என்ற பொருளில் அவரிடமே முறையிடுகிறாள். பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய், தேவையானது ஒன்றே, மரியாள் அதனைத் தேர்ந்துகொண்டாள் என்பது அவர் தந்த மறுமொழியின் சாரம்.

இதைக் கொண்டு பிரசங்கம் செய்வது எளிது. 'வேலையை விடு, தியானத்தில் அமர்' என்று கூறிவிடலாம். அவ்வாறு கூறியவர் வீடு திரும்பி உண்பது, ஒரு மார்த்தாள் சமைத்து வைத்த உணவைத்தான்!

இயேசுபிரான் சமையலைக் கண்டிக்கவில்லை. அவர் சுட்டிக்காட்டியது கலக்கத்தை. அன்பினால் தொடங்கிய பணி அது. இடையில் மார்த்தாளின் பார்வை விருந்தினரை விட்டு விலகி, சகோதரியின் சும்மா இருக்கும் கைகளின்மீது விழுந்தது. அக்கணமே தொண்டு கணக்காக மாறிற்று. பண்டிகைக் காலத்தில் உடல் களைப்பதைவிட இந்தக் கணக்கே மனிதரை அதிகம் வாட்டுகிறது.

ஆயினும், சுமையைப் பகிராத குடும்பத்திற்கு அவளிடம் மன அமைதியைப் போதிக்கும் உரிமை இல்லை. மார்த்தாளும் தன் மனக்குறையை உள்ளுக்குள் புதைக்கவில்லை. இறைவனிடமே கொண்டு சென்றாள். அவரும் அவள் பெயரை இருமுறை சொல்லி அழைத்தே பதில் கூறினார். கண்டிப்பவர் அப்படி அழைப்பதில்லை.

ஜெர்மானிய ஞானியான மெய்ஸ்டர் எக்ஹார்ட் இந்நிகழ்ச்சியைப் பற்றிய தமது பிரசங்கம் ஒன்றில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். ஆன்ம முதிர்ச்சி பெற்றவள் மார்த்தாளே, மரியாள் அப்போதுதான் கற்கத் தொடங்கியவள் என்பது அவர் கருத்து. எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸின் வாழ்க்கை அதற்குச் சான்றுபோல் அமைந்தது. மடத்தின் அடுக்களைப் பணி அவருடைய இயல்புக்குப் பிடிக்காத ஒன்று. அதிலேயே அவர் பல ஆண்டுகள் கழித்தார். ஒவ்வொரு சிறு வேலையையும் இறைவனுக்காகவே செய்யப் பழகினார். பாத்திரங்களின் ஓசையும் பலரின் ஏவல்களும் சூழ்ந்த வேளையும், முழந்தாளிட்டு வணங்கும் வேளையும் அவருக்கு வேறுபடவில்லை.

மார்த்தாளின் வரலாறு லூக்காவோடு முடியவில்லை. பின்னர் அவளுடைய சகோதரன் லாசரு இறந்தபோது, துக்கத்தோடும் விசுவாசத்தோடும் அவள் ஆண்டவரை எதிர்கொண்டதை யோவான் எழுதுகிறார். அதற்குப் பின் பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாட்களுக்கு முன்பு பெத்தானியாவில் ஒரு விருந்து. மீண்டும் பண்டிகைக் காலம். மீண்டும் மார்த்தாள் பரிமாறுகிறாள். மரியாள் இப்போதும் அடுக்களையில் இல்லை. விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுபிரானின் பாதங்களில் பூசுகிறாள். இம்முறையும் அவளைக் குறைகூறி ஒரு குரல் எழுகிறது. அது யூதாசின் குரல். மார்த்தாள் பரிமாறிக்கொண்டிருக்கிறாள்.