மூடுபனிக்குள் வரும் ஒளி

ஐப்பசியில் குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் மூடுபனி இறங்கினால் நிழலே விழாது. ஆனாலும் சிதறி வரும் ஒளியிலேயே கொழுந்து துளிர்க்கிறது. அப்படியானால் அருள் மட்டும் நேராகத்தான் வரவேண்டுமா? இயற்பியல் ஆசிரியனான என்னை இக்கேள்வி விடுவதில்லை.

இதற்கு என் துறையிலேயே ஓர் உவமை உண்டு. 1970களில் முன்வைக்கப்பட்ட ஒளிர்வுச் சூரியக் குவிப்பான், சூரியனைத் துரத்தாத சாயத் தகடு. சிதறிய ஒளியையும் சாயம் விழுங்கி வேறு நிறத்தில் உமிழும். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தகட்டுக்குள் சிக்கி, விளிம்பிலுள்ள சோலார் செல்லை நோக்கி ஓடும். மீதி நழுவிவிடும், ஓடுவதிலும் கொஞ்சத்தைச் சாயமே மறுபடி விழுங்கும். 2008இல், ஐந்து சென்டிமீட்டர் சதுரத் தகட்டில் எட்டிய செயல்திறன் 7.1 சதவீதம். கூரைச் சூரியப் பலகைகளோ 20ஐத் தொடுகின்றன.

இப்படிக் குறைந்து எட்டும் ஒளி எனக்கு வடலூரை நினைவூட்டுகிறது. வள்ளலார் 1872இல் அங்கே திறந்த ஞானசபையில் ஜோதிக்கு முன் ஏழு திரைகள். திரை ஒளியை இல்லாமல் ஆக்குவதில்லை, நமக்கு எட்டுவதைக் குறைக்கிறது. அந்தக் குறைவையும் அருளென்றே நான் ஏற்கிறேன்.