மறைக்க வேண்டியது எது?

உளுச் செய்யப் போன பெண் அரைமணி நேரமாகியும் குழாயடியை விட்டு வரவில்லை. தொழுகை நேரம் போய்க்கொண்டிருக்கிறது. கை நனைந்ததா, முகம் நனைந்ததா என்று திரும்பத் திரும்பக் கழுவுகிறாள். "வஸ்வாஸ்" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது அதுவாகவே இருக்கலாம். ஆனால் சில பெண்களிடம் அதற்கு வேறொரு வேர் உண்டு.

கனடாவில் பேராசிரியராக இருந்த உளநூல் அறிஞர் ராக்மன், 1994-ம் ஆண்டு மனத்தின் அசுத்தத்தைப் பற்றி எழுதினார். மேனியில் அழுக்கே இல்லாதபோதும் உள்ளுக்குள் அழுக்காக இருப்பதாகத் தோன்றும். தண்ணீர் ஊற்றினாலும் அது போகாது. பலவந்தத்துக்கு ஆளான பெண்களில் பலருக்கு இந்த உணர்வு இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சையை டாக்டர் ஃபெலிட்டி என்பவர் நடத்திவந்தார். 1980-களில் அவருக்கு ஒரு புதிர். நன்றாக எடை குறைந்தவர்களே சிகிச்சையை விட்டு ஓடினார்கள். கூப்பிட்டு விசாரித்தால், சிறுவயதில் சொந்தக்காரர்களாலேயே கெடுக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். பருமனாக இருந்தால் ஆண்களின் கண் படாது என்பது அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு! பிறகு அவரும் டாக்டர் ஆன்டாவும் சேர்ந்து, 1998-ல் வெளியாகத் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில் 17,000-க்கும் அதிகமானவர்களை விசாரித்தார்கள். பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இத்தகைய கொடுமைக்கு ஆளாகியிருந்தார். மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் இவர்களிடம் அதிகம். பெரும்பாலோர் நடுத்தர வயதை எட்டியவர்கள். சம்பவமோ குழந்தைப் பருவத்தில் நடந்தது.

இத்தனை வருடம் காயம் ஆறாதது ஏன்? நடந்த கொடுமை பாதி. மீதி, வீட்டார் அதன்மேல் போட்ட மூடி என்றே நான் நினைக்கிறேன். "வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போய்விடும்" என்று உம்மா சொல்லும்போது, மானத்தைக் கெடுத்தது தான்தான் என்று பிள்ளை விளங்கிக்கொள்கிறது. பின்னாளில் அவள் கணவனைக் கண்டு நடுங்குவாள், தூக்கத்தில் அலறுவாள். நாமோ தாயத்துக் கட்டி, ஓதிப் பார்ப்போம்.

பிறர் குறையை மறைப்பது நன்மை என்று ஹதீஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். ஒருவன் தனக்கும் தன் ரப்புக்கும் இடையில் செய்த பிழையைத் துருவித் திரியக் கூடாது. ஆனால் இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. இங்கே உரிமைக்காரி அந்தச் சிறுமி. அவளுடைய உரிமையை மன்னிக்கவும் மறைக்கவும் பெரியாப்பாவும் மாமாவும் கூடிப் பேச அதிகாரம் ஏது? பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135-ம் வசனம் ஏவுகிறது. நாட்டின் சட்டமும், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைக்கு நடந்ததைத் தெரிந்தும் அறிவிக்காமல் இருப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியது வேறு. பருவமடையாத பிள்ளையின்மீது பாவம் எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாமெல்லாம் மதரஸாவில் படித்ததுதான். தொழுகை விடுபட்டதற்கு மட்டுமா அது? அவள்மீது இதில் பாவமும் இல்லை, அசுத்தமும் இல்லை. உளுவை மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம். இதை ஒரு ஆலிம் வாயால் கேட்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். மனநல மருத்துவரிடம் போவதும் ஈமானில் குறைவு அல்ல. தன் சொல்லை நம்புகிறவர்கள் கிடைத்து, சிகிச்சையும் பெற்று, நன்றாக வாழ்கிற பெண்கள் எத்தனையோ பேர்.

முப்பது வயதில் மகள் வாய் திறந்தால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள். "அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்று எட்டு வயதில் அழுதாளே, அதுதான் அவள் சொன்னது. பெருநாளைக்கு அந்த மனிதர் வருவதாக இருந்தால், வரவேண்டாம் என்று வாப்பா போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். அவருக்கு ஸலாம் சொல்லிச் சோறு வைக்கும்படி அவளைக் கூப்பிடாதீர்கள். அவர் போக்குவரத்தாக இருக்கிற மற்ற வீடுகளில் பிள்ளைகள் இருந்தால், அந்தத் தாய்மாருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.