முதலில் கம்பியை மாற்றுங்கள்

ஒலி மங்கிவிட்டது என்று புதுக் கிட்டாருக்கு விலை விசாரிக்கக் கிளம்புகிறவர்கள், கம்பிகளின் அடிப்பக்கத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கரகரவென்று தட்டுப்பட்டால் பாதிக் குற்றம் அங்கேதான். வியர்வையும் அழுக்கும் சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் ஏறிவிட்டால் மேல்சுரங்கள் அடங்கிப்போகும். பாஸ்பர் வெண்கலக் கம்பி ஒரு செட் மாட்டியதுமே பழைய கிட்டார் கணீரென்று பேசும்.

அடுத்தது, பாலத்தில் கம்பிகள் ஏறி நிற்கும் சேடில். அதிர்வு அந்த மெல்லிய துண்டைத் தாண்டித்தான் மரத்துக்குள் இறங்குகிறது. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு எலும்பில் செதுக்கியதைப் போட்டால் ஒலி தெளியும் என்பார்கள். எலும்போ பிளாஸ்டிக்கோ, அதன் அடிப்பகுதி பள்ளத்தில் இடைவெளியின்றிப் படிவதே முக்கியம் என்பேன்.

மேல்பலகையைத்தான் மாற்ற வழியில்லை. ஒலித்துளையின் விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். மர ரேகை மேலிருந்து உள்வரை தொடர்ந்தால் முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகைக்குக் கம்பிச் செலவோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தைப் புதுக் கிட்டாருக்குச் சேர்ப்பதே சரி. நல்ல பலகையை மட்டும் அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-இல் வாங்கிய மார்ட்டின் என்-20 கிட்டாரில், மீட்டி மீட்டியே பலகையில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆஸ்டின் நகரத்துக் கைவினைஞர் ஒருவர் அதைச் செப்பனிட்டுத் தர, பல பத்தாண்டுகளாக நெல்சன் அதையேதான் மேடையேற்றி வருகிறார்.