குருதி உறையா மருந்தும் கொல்லாமையும்

இதயத் தமனியில் அடைப்பு நேர்ந்தவருக்கு மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் என்னும் வலைக்கம்பியைப் பொருத்தும் சிகிச்சை இன்று நம் இல்லங்களில் அறியப்படாத ஒன்றன்று. 1977ஆம் ஆண்டில் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் என்னும் மருத்துவர் இதயத் தமனியை முதன்முதல் இவ்வாறு பலூனால் திறந்தார். ஸ்டென்ட் பின்னர் வந்தது. குழாயும் கம்பியும் உள்ளே சென்றால் அவற்றின்மீது குருதி உறைய முற்படும்; உறைந்தால் திறந்த வழியே மீண்டும் அடைபடும். ஆதலின் உறைதலைத் தடுக்கும் மருந்தொன்று ஊசி வழியே செலுத்தப்படுகிறது. அது பெரும்பாலும் ஹெபாரின். 1916இல் பால்டிமோர் நகரில் ஜே மெக்லீன் என்னும் மாணவர் நாயின் ஈரலை ஆராய்ந்தபோது தொடங்கியது அதன் வரலாறு. இன்று அது பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. சில நாடுகளில் மாட்டிலிருந்தும் எடுக்கின்றனர்.

கொல்லாமையை முதல் அணுவிரதமாகக் கொண்ட சிராவகர் இதனை ஏற்கலாமா?

எளிதாகக் கிடைக்கும் விடை ஒன்றுண்டு. பன்றியை இறைச்சிக்காகவே கொல்கின்றனர். குடல் எஞ்சிய பொருள். மருந்துக்கென எவரும் கொல்வதில்லை என்பது அது. இவ்விடையைச் சொல்ல நாம் சற்று நாணுதல் வேண்டும். பிறர் கொன்றதை வாங்கி உண்பதில் குற்றமில்லை என்ற பௌத்தரின் வாதத்தை எதிர்த்து நின்ற நீலகேசி நம் நூலன்றோ! செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்று பிறருக்கு உரைத்துவிட்டு, நமக்கு நோய் வந்தபோது மட்டும் அவ்வாதத்தையே கடன் வாங்குவது முறையன்று. குடலுக்கு விலை உண்டு. அவ்விலை கொலைத்தொழிலுக்குச் சென்று சேர்கிறது. ஹெபாரினில் ஹிம்சை உண்டென்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டே மேலே செல்லவேண்டும்.

எனினும், ஆகவே அது கூடாது என்று உடனே முடிப்பதும் அவசரமே. இல்லறத்தார் முற்றும் விலக்கவேண்டியது கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்பி ஹிம்சை. வீட்டுவினை, தொழில், தற்காப்பு ஆகியவற்றில் நேர்வதை இயன்றவரை குறைத்தலே அவர்க்கு விதி. நோயாளியின் ஊசிமருந்து இவ்வகைகளுள் எதிலும் செம்மையாக அடங்கவில்லை. இங்கு எனக்கு வழிகாட்டுவது தத்துவார்த்த சூத்திரத்தின் நோக்கு. உயிர்போக்கலை ஹிம்சையாக்குவது பிரமாதம், அதாவது சோர்வும் கவனமின்மையும், என்பது அந்நூலின் நிலை. அவ்வாறாயின் மருந்தின் பிறப்பிடத்தை மட்டும் ஆராய்ந்துவிட்டு, அது செல்லும் உடலை ஆராயாமல் விடுவதும் பிரமாதமே. படுக்கையில் கிடப்பவரும் ஓர் உயிர்.

இம்மருந்தோ கவனத்தைப் பெரிதும் வேண்டுவது. உடல் எடையைக் கணித்து, கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 70 முதல் 100 அலகுவரை தருவர். உடன் வேறு வலிய மருந்து தரப்பட்டால் அளவு குறையும். ஒருவரிடம் போல் மற்றொருவரிடம் அது வேலை செய்வதில்லை. ஆதலின் குருதி உறைய எத்தனை நொடி ஆகிறதென்று சிகிச்சையின் நடுவிலேயே அளந்து பார்ப்பர். குறைந்தால் உறைவு, மிகுந்தால் கசிவு. சிலருக்கு ஹெபாரினே தட்டணுக்களைக் குறைத்து, தடுக்கவேண்டிய உறைவை உண்டாக்கிவிடும். 2007, 2008ஆம் ஆண்டுகளில் சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளில் மலிவான கலப்படம் சேர்ந்து, அமெரிக்காவில் நோயாளிகள் பலர் ஒவ்வாமையுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. அக்கலப்படத்தில் நேர்ந்தது பன்றிக்கொலை அன்று, மனிதக்கொலை.

வேறு மருந்து இல்லையா எனின், உண்டு. பைவாலிருடின் என்பது அட்டையின் உமிழ்நீரில் உள்ள உறைதடுப்புப் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு, அட்டையைத் தீண்டாமல், ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படுவது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. நம்மவர்க்கு இது உவப்பான செய்திதான். ஆயினும் உவப்பு வேறு, ஏற்புடைமை வேறு. சிறுநீரகம் நலமாயிருப்பின் 25 நிமிடங்களில் அதன் அளவு பாதியாகும். சிறுநீரகம் பழுதுற்றால் குருதியில் நெடுநேரம் தங்கும். அதனை முறிக்கும் மாற்றுமருந்து கிடையாது. விலையும் மிகுதி. மாரடைப்பு நோயாளிகள் 1,800க்கு மேற்பட்டோரிடம் லிவர்பூலில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் ஹெபாரினே மேம்பட்டது. சீனாவில் 6,000 பேருக்கு மேல் சேர்த்து 2022இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குப் பின்னும் சில மணி நேரம் தொடர்ந்து செலுத்திய பைவாலிருடின் மேம்பட்டது. எது தூயது என்று நாம் வினவலாம். இவ்வுடலுக்கு எது தகும் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும்.

வினவுதற்கும் காலம் உண்டு. மாரடைப்பில் துடிப்பவரைச் சிகிச்சைக்கூடத்திற்குள் கொண்டுசெல்லும் வேளையில் வாயிலில் நின்று மருந்தின் பிறப்பைப் பற்றி வாதிடும் உறவினர், தாம் விரதம் காப்பதாக எண்ணலாம். அவர் செலவிடும் நிமிடங்களில் இதயத்தசை இறந்துகொண்டிருக்கிறது. முன்கூட்டி நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையாயின் நிலை வேறு. அப்போது மருத்துவரிடம் தம் விரதத்தைச் சொல்லுவதில் கூச்சம் வேண்டா. பைவாலிருடின் தமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தாது என்றால் ஏன் என்றும் கேட்கலாம். மணிக்கட்டு வழியே செய்வதாயின் கசிவு குறையும் என்பதால் அதனையும் கேட்டறிதல் நன்று. இரு மருந்துகளையும் நடுவழியில் மாற்றி மாற்றித் தரச்செய்யும் வகையில் வற்புறுத்தல் ஆகாது.

பைவாலிருடினைத் தேர்ந்தாலும், குழாய்களைக் கழுவும் உப்புநீரில் ஹெபாரின் கலப்பது பல கூடங்களில் வழக்கம். விரதம் கருதுவோர்க்கு இது மனக்குறை மட்டுமே. முன்பு ஹெபாரினால் தட்டணுக்கள் குறைந்தவர்க்கோ அச்சிறு துளியும் ஆபத்து. அத்தகையோர் அதனைச் சீட்டில் எழுதித் தம்மிடம் வைத்திருப்பதோடு, வீட்டாருக்கும் சொல்லி வைக்கவேண்டும். தாமே சொல்ல இயலாத நிலையிலும் அவர்களை அங்குக் கொண்டுவர நேரலாம்.