அபயமும் அதற்குப் பின்னும்

அடைக்கலம் கேட்டு வந்தவருக்கு ஏற்பவர் செய்ய வேண்டியது எவ்வளவு, அதில் வந்தவருக்கே உரிய பங்கு எவ்வளவு என்பது வைணவ மெய்யியலை நெடுங்காலம் ஆட்கொண்ட கேள்விகளுள் ஒன்றாகும். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர், இலங்கையிலிருந்து வந்த வீடணன் இராமனிடம் சரணடைந்த நிகழ்ச்சியை முதன்மைப் பொருளாகக் கொண்டு ‘அபயப்பிரதான சாரம்’ என்னும் நூலை இயற்றினார். அபயப்பிரதானம் என்பது அஞ்சி வந்தவருக்கு அஞ்ச வேண்டாம் என உறுதியளித்தலாகும். 1983 முதல் அதே கடலைக் கடந்து தமிழகக் கரை சேர்ந்த ஈழத்தமிழரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று முகாம்களில் வளர்ந்து வருவதால், அக்கேள்வி சமய நூலுக்குள் மட்டும் அடங்குவதாக இல்லை.

வீடணன் ஒற்றனாக இருக்கலாம் என்று ஐயுற்ற சுக்கிரீவனை இராமாயணம் அறிவிலியாகக் காட்டவில்லை. தன் கூட்டத்தைக் காக்கும் பொறுப்புள்ளவன் ஐயுறுவது இயல்பே என்று ஏற்றுக்கொண்டு, அந்த ஐயத்தைவிடச் சரணடைந்தவரைக் காக்கும் அறத்தை மேலாக வைக்கிறது. அதற்குப் பின் நிகழ்வது இன்னும் ஆழமானது. கடலைக் கடக்கும் வழி என்ன என்று வீடணனிடமே கேட்கப்படுகிறது. அவன் கூறிய வழியை இராமன் ஏற்கிறான். காக்கப்பட்டவன் கருத்துக் கேட்கப்படுபவனாகவும் ஆகும்போதே அடைக்கலம் முழுமை பெறுகிறது.

தேசிகரை முதல்வராகக் கொண்ட வடகலை மரபு இதே உண்மையை வேறு வகையில் விளக்குகிறது. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைப் போல உயிர் இறைவனால் சுமக்கப்படுகிறது என்பது மற்றொரு வைணவ மரபினரான தென்கலையார் கூறும் மார்ச்சால நியாயம். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல உயிருக்கும் சிறு முயற்சி உண்டு என்பது வடகலையார் கூறும் மர்க்கட நியாயம். இறைவனிடத்தில் இவற்றுள் எது பொருந்தும் என்பது அடியார்களின் வழக்காக இருக்கட்டும். மனிதர் மனிதருக்கு அளிக்கும் அடைக்கலத்தில் இரண்டாவது நியாயமே பொருந்தும். இறைவனால் முழுமையாகச் சுமக்கப்படுவது பேறு என்றாலும், சக மனிதரால் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கப்படுவது தன்மதிப்பைத் தேய்த்துவிடும்.

காஞ்சியின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இந்நகருக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், அரசன் இறந்து பஞ்சமும் குழப்பமும் சூழ்ந்த இலங்கையிலிருந்து வந்திருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தத் துறவிகளைச் சந்தித்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அவர் அவர்களிடம் யோக நூல்களின் நுண்பொருளைக் கேட்டு உரையாடினார். ஊரிழந்து வந்தவர்களை இரக்கத்திற்குரியவர்களாக மட்டும் காணாமல், கல்விக்குரியவர்களாகவும் கண்ட பார்வை அது.

அண்மைக் காலத்திலோ சுக்கிரீவனின் ஐயமே நெடுங்காலம் மேலோங்கி நின்றது. 1991 மே மாதத்தில், வைணவ ஆசாரியர் இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூரிலேயே ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்பு, அக்குற்றத்தில் எத்தொடர்பும் இல்லாத ஈழத்தமிழ் ஏதிலியர் மீதும் ஐயம் படர்ந்து, அவர்களுடைய கல்வி வாய்ப்புகளும் முகாம்களில் தொண்டு நிறுவனங்கள் ஆற்றிய பணிகளும் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாயின. அந்நிலையிலும் மாணவரைக் கைவிடாதவர்களில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர்கள் ஏதிலியரே ஆவர். எஸ். சி. சந்திரகாசன் 1984இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் படித்த இளைஞர்களையே ஆசிரியர்களாக்கி மாலை வகுப்புகளை நடத்தி வந்தது. நேற்றைய மாணவர் இன்றைய வழிகாட்டியாகும் இம்முறையில் பெறுபவரும் தருபவரும் ஒருவரே ஆகின்றனர். வெளியிலிருந்து வரும் எந்த வள்ளன்மையும் இதற்கு ஈடாகாது.

ஆயினும் வழிகாட்டுதலால் மட்டும் தீராத தடையொன்று எஞ்சியுள்ளது. ஏதிலியர் நிலை குறித்த 1951ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. 1987 ஜூலை 1 முதல் பிறப்பு மட்டுமே குடியுரிமை தருவதுமில்லை. எனவே இலங்கையையே காணாத முகாம் இளைஞர், பட்டம் பெற்ற பின்னும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாமல் நிற்கின்றனர். 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது நல்ல தொடக்கமே; எனினும் மறுவாழ்வு என்ற சொல் மெய்யாக வேண்டுமானால் உரிமையும் உடன்வர வேண்டும்.

ஆகவே இளம் ஏதிலியருக்குத் துணை நிற்பவர், அது பாடமானாலும் விளையாட்டானாலும் கைத்தொழிலானாலும், தம்மை இறைவனின் இடத்தில் வைத்துக்கொள்ளலாகாது. என்ன கற்க வேண்டும், எதைத் தொழிலாகக் கொள்ள வேண்டும், எங்கே வாழ வேண்டும் என்பவற்றை அந்த இளைஞரிடமே கேட்டு, அவர் விடையைத் தம் திட்டத்திற்கு மேலாக மதிப்பதே துணை நிற்பவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கம். காஞ்சியில் பிறந்த தேசிகர் விளக்கிய சரணாகதித் தத்துவம் இரு திறத்தாருக்கும் கடமை வகுக்கிறது. ஊரை இழந்து கடலைக் கடந்து வந்தவர்கள் தம் பங்கை முன்னரே செய்து முடித்துவிட்டதால், எஞ்சியிருக்கும் கடமை ஏற்றுக்கொண்ட சமூகத்தினுடையதாகும்.